ஜிபிஎஸ் ஏன் கத்துது? படகு அலாரங்களைப் புரிஞ்சுக்கிறது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

தென்காசியிலிருந்து பேசுறேன். போன எபிசோடுக்கு அப்புறம் வந்த குரல் செய்திகள்ல ஒண்ணு, புன்னைக்காயல் பக்கத்துல பைபர் படகு வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி அனுப்பினது. அவர் கேட்டதை அப்படியே சொல்றேன்: "தம்பி, போட்டுல இருக்கிற ஜிபிஎஸ் சும்மா சும்மா கத்துது. கடல் நல்லாத்தான் இருக்கு, கரையும் கண்ணுக்குத் தெரியுது. என்னன்னு பார்த்தா இங்கிலீஷ்ல ஏதோ வருது, அடுத்த நிமிஷம் போயிருது. பையன் இப்ப அந்தச் சத்தத்தையே ஆஃப் பண்ணி வச்சிட்டான். அது சரியா?"

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. படகுன்னா நமக்கு ஐந்தருவி ரோட்டுல வெண்ணமடைக்குளத்துல சீசன் நேரத்துல போற பெடல் படகுதான். ஆனா மெயினருவியில விழுற தண்ணி சிற்றாறா ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியோட சேர்ந்து, கடைசியில அந்த அண்ணாச்சி ஊர்ப் பக்கம்தான் கடல்ல கலக்குது. அதனால இது நமக்கு ரொம்ப தூரத்துக் கேள்வி இல்ல. இன்னொண்ணு, அலாரம்னா என்னங்கிறது குற்றாலத்துல குளிச்ச எல்லாருக்கும் ஏற்கெனவே பாதி தெரியும்.

ஆர்ச் சொல்றதும் சொல்லாததும்

மெயினருவியில பாதுகாப்பு வளைவு ஒண்ணு இருக்கு. தண்ணி அந்த ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பிச்சா போலீஸ் விசில் அடிப்பாங்க, குளிக்கத் தடை. ஆர்ச்சுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்தா பத்திரம், ஒரு சாண் அந்தப் பக்கம் விழுந்தா ஆபத்துன்னு இயற்கை ஒண்ணும் எழுதி வைக்கல. யாரோ ஒரு எல்லையைக் குறிச்சு, இதைத் தாண்டினா எல்லாரும் வெளியே வந்துரணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. அவ்வளவுதான். படகுல இருக்கிற ஒவ்வொரு அலாரத்துக்குப் பின்னாலயும் இப்படி ஒரு ஆர்ச் இருக்கு: ஆழம் இத்தனை மீட்டருக்குக் கீழ போனா, எல்லை இத்தனை மைல் கிட்ட வந்தா, பேட்டரி இத்தனை வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா, கத்து.

ஆனா ஆர்ச்சால சொல்ல முடியாத ஒண்ணும் இருக்கு. மலைமேல இப்ப என்ன மழை பெய்யுதுன்னு அதுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் உயிரிழந்தான். கீழ நின்னு குளிக்கிறவங்களுக்கு மேல நடக்கிறது தெரியல. தண்ணியைப் பத்தின எச்சரிக்கை ஒண்ணு, தகவலே வரலைங்கிற நிலைமை இன்னொண்ணு. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா படகு அலாரம் முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி.

அலாரம் யாரைப் பத்திப் பேசுது?

ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், ஏஐஎஸ், எந்தப் பெட்டியா இருந்தாலும் சத்தம் வந்ததும் கேக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது கடலைப் பத்திப் பேசுதா, தன்னைப் பத்திப் பேசுதா?

"ஆழம் குறைவு", "நங்கூரம் இழுக்குது", "எல்லை கிட்ட வந்துருச்சு", "இன்னொரு கப்பல் நெருங்குது". இதெல்லாம் கடலைப் பத்தினது. "சாட்டிலைட் கிடைக்கல", "ஆன்டெனா கோளாறு", "வோல்டேஜ் கம்மி". இதெல்லாம் பெட்டி தன்னைப் பத்திச் சொல்றது. மூணாவது ஒரு வகையும் இருக்கு, கரையிலிருந்து வர்ற செய்தி. அதுக்குப் பின்னால வர்றேன்.

பொதுவா நாம என்ன பண்றோம்? கடலைப் பத்தின அலாரம்னா உடனே தலையைத் தூக்கிப் பார்க்கிறோம். பெட்டி தன்னைப் பத்திச் சொன்னா "மெஷின் கோளாறு, கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு விட்டுடுறோம். நான் சொல்ல வர்றது இதுக்கு நேர்மாறு. ரெண்டாவது வகைதான் அதிகம் பயப்பட வேண்டியது. ஏன்னா பெட்டிக்குக் கண்ணு போயிட்டா, முதல் வகை அலாரம் எதையுமே அதால ஒழுங்கா அடிக்க முடியாது.

இது புது யோசனை இல்ல. புயல் எச்சரிக்கைக் கூண்டு நமக்கெல்லாம் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்துல ஒண்ணாம் எண் கூண்டு ஏத்தினாங்க, மூணாம் எண் ஏத்தினாங்கன்னு நியூஸ்ல கேப்போம். ஒண்ணுன்னா தூரக் கடல்ல உருவாகியிருக்கு. எட்டு, ஒன்பது, பத்துன்னா பெரிய ஆபத்து. அதுக்கு மேல பதினொண்ணுன்னு ஒண்ணு இருக்கு. பத்தைவிடப் பெரிய புயலுக்கு அதை வைக்கல. புயல் எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுங்கிறதுக்குத்தான் பதினோராம் எண். தகவல் வர்ற வழி அடைஞ்சுபோறதை, எல்லாப் புயலுக்கும் மேல ஒரு நம்பர் குடுத்து வச்சிருக்காங்க.

34 மணி நேரம் தப்பான இடத்துல

இதுக்கு உலகம் முழுக்கக் கடல் படிப்புல சொல்லிக்கொடுக்கிற ஒரு சம்பவம் இருக்கு. 1995 ஜூன் மாசம். ராயல் மெஜஸ்டின்னு ஒரு பயணிகள் கப்பல், பெர்முடா தீவிலிருந்து அமெரிக்காவுல பாஸ்டனுக்குப் போகுது. கப்பல்ல 1,500 பேருக்கு மேல இருக்காங்க. கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள்ள ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழண்டுபோச்சு.

பெட்டி என்ன பண்ணுச்சு? சில பீப் சத்தம் குடுத்துச்சு, அவ்வளவுதான். அப்புறம் சாட்டிலைட் இல்லாம, திசையையும் வேகத்தையும் மட்டும் வச்சு "நாம இங்கதான் இருப்போம்"னு தானே கணக்குப் போட ஆரம்பிச்சுது. திரையில ஒரு ஓரமா ரெண்டு சின்ன எழுத்துக் குறிப்பு மட்டும் மாறுச்சு. காத்தும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளுறது அந்தக் கணக்குல வராது. மாலுமிகள் மணிக்கு மணி திரையைப் பார்த்தாங்க. எண்கள் ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்துச்சு. பாதை சரியாத்தான் இருந்துச்சு, திரையில.

34 மணி நேரத்துக்கு அப்புறம், ஜூன் 10 ராத்திரி, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டுல கப்பல் ஏறி நின்னுருச்சு. அவங்க இருக்கிறதா நினைச்ச இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 17 மைல் வித்தியாசம். நல்லவேளை, யாரும் சாகல.

எக்கோ சவுண்டர் காப்பாத்தியிருக்கலாமே? அதுல ஆழ அலாரம் பூஜ்ஜியம் மீட்டர்ல வச்சிருந்துச்சு. துறைமுகத்துல ஆழம் கம்மியா இருக்கிறப்ப ஓயாம கத்தக்கூடாதுன்னு அப்படி வைக்கிறது வழக்கம். கடலுக்கு வந்தப்புறம் திருப்பி வைக்கல. ஆக, ஒரு பெட்டி தனக்குக் கண்ணு போனதைச் சொன்னதை யாரும் கவனிக்கல. இன்னொரு பெட்டியோட வாயை முன்கூட்டியே கட்டியாச்சு. அந்த அண்ணாச்சியோட பையன் இப்ப பண்ணியிருக்கிறதும் இந்த ரெண்டாவது விஷயம்தான்.

பெட்டி தன்னைப் பத்திக் கத்தினா

சரி, காரணமே இல்லாம கத்துதுன்னு தோணுறப்ப எங்க தேடணும்? நான் சொல்ற வரிசை: கரண்டு, கேபிள், பக்கத்துல இருக்கிற வேற சாமான்.

முதல்ல கரண்டு. 12 வோல்ட் பேட்டரி முழுசா சார்ஜ் ஏறி, சும்மா இருக்கிறப்ப 12.6 வோல்ட் பக்கம் காட்டும். இன்ஜினை செல்ஃப் போட்டு ஸ்டார்ட் பண்ற அந்த ரெண்டு செகண்ட்ல வோல்ட் சடார்னு இறங்கும். பேட்டரி பழசா இருந்தாலோ, டெர்மினல்ல உப்பு பூத்திருந்தாலோ, ஜிபிஎஸ் அந்த நேரத்துல அணைஞ்சு மறுபடி எழுந்திரிக்கும். எழுந்ததும் சாட்டிலைட் தேடும், தேடுற வரைக்கும் கத்தும். கத்துற நேரமும் ஸ்டார்ட் பண்ற நேரமும் ஒத்துப்போகுதான்னு ரெண்டு நாள் பாருங்க. ஒத்துப்போனா ஜிபிஎஸ்ஸைக் கழட்ட வேண்டாம், பேட்டரி வயரைப் பாருங்க.

ரெண்டாவது கேபிள். ஜிபிஎஸ் சாட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. அங்கிருந்து வர்ற சிக்னல் நம்ம ஆன்டெனாவுக்கு வந்து சேர்றப்ப ரொம்ப ரொம்ப பலவீனமா இருக்கும். குறைஞ்சது நாலு சாட்டிலைட்டாவது தெரிஞ்சாத்தான் இடத்தைச் சரியாச் சொல்ல முடியும். இவ்வளவு மெல்லிசான சிக்னலுக்குக் கனெக்டர்ல ஒரு பொட்டு உப்புத்தண்ணி போதும். படகு ஆடுறப்ப மட்டும் கத்தி, நிக்கிறப்ப சும்மா இருந்தா, முக்கால்வாசி அங்கதான் கோளாறு. ஆன்டெனா மேல ஈர வலையையோ தார்ப்பாயையோ போட்டிருக்கான்னும் பாருங்க.

மூணாவதுதான் யாரும் சந்தேகப்படாதது. 2001-ல அமெரிக்காவுல கலிபோர்னியாவில மாஸ் லேண்டிங்னு ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்க வந்தாலே ஜிபிஎஸ் வேலை செய்யாது. தேடித் தேடிப் பார்த்தா, அங்க நின்ன படகுகள்ல இருந்த டிவி ஆன்டெனாவுக்குள்ள ஒரு சிக்னல் பெருக்கி. அது ஜிபிஎஸ் அலைவரிசையில இரைச்சல் கிளப்பிக்கிட்டிருந்துச்சு. எல்இடி விளக்குலயும் இந்தத் தொல்லை உண்டு. மலிவான எல்இடியோட உள் சர்க்யூட் வயர்லெஸ்லயும் ஏஐஎஸ்லயும் இரைச்சலைக் கொண்டுவருதுன்னு 2018-ல அமெரிக்கக் கடலோரக் காவல்படை தனியா ஒரு எச்சரிக்கையே விட்டாங்க. ராத்திரி மட்டும் கத்துதா? லைட்டை ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. எதை அணைச்சா அமைதியாகுதோ அதுதான் ஆளு. இந்தச் சோதனையைக் கரையில கட்டி வச்சுப் பண்ணுங்க, ஓட்டத்துல வேண்டாம்.

பழைய பெட்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ஜிபிஎஸ் வாரத்தை 1,024 வரைக்கும்தான் எண்ணும், அப்புறம் மறுபடி பூஜ்ஜியத்துலருந்து தொடங்கும். கடைசியா அப்படித் தொடங்கினது 2019 ஏப்ரல் 6 ராத்திரி. அதுக்கப்புறம் சில பழைய பெட்டிகள் தேதியை 19 வருஷத்துக்கு மேல பின்னாலே காட்டுச்சு. இடம் சரியா இருக்கும், தேதி தப்பா இருக்கும். தேதி தப்புன்னா அந்தப் பெட்டி போடுற ஓதக் கணக்கும் சூரியன் உதிக்கிற நேரமும் தப்பு.

கடலைப் பத்திக் கத்தினா

இங்க பெரும்பாலும் கோளாறு பெட்டியில இருக்காது, நாம வச்ச எண்ணுல இருக்கும்.

ஆழ அலாரம் எடுத்துக்குங்க. எக்கோ சவுண்டர் ஒரு சத்தத்தைக் கீழ அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை அளக்குது. கடல் தண்ணியில ஒலி செகண்டுக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். கீழ இருந்து திரும்புறது தரையாத்தான் இருக்கணும்னு இல்ல. அடர்த்தியான மீன் கூட்டமா இருக்கலாம், ப்ரொப்பல்லர் கிளப்புற காத்துக் குமிழியா இருக்கலாம். பதினஞ்சு பாகம் தண்ணியில போறப்ப திடீர்னு ரெண்டு மீட்டர்னு காட்டி, உடனே பழையபடி வந்துட்டா அது அநேகமா குமிழி. எண் படிப்படியா குறைஞ்சுக்கிட்டே வந்தா அது தரை. படிப்படியா வர்றதை நம்பி, முதல்ல வேகத்தைக் குறைங்க. இன்னொண்ணு, அளவு சென்சார்லருந்துதான் ஆரம்பிக்குது. சென்சாருக்குக் கீழ உங்க படகு இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சு எண் வைக்கணும்.

நங்கூர அலாரம். 40 மீட்டர் கயிறு விட்டுட்டு, அலாரத்தை 20 மீட்டர்ல வச்சா, காத்து திரும்புற ஒவ்வொரு தடவையும் கத்தத்தான் செய்யும். நங்கூரம் அசையல, படகுதான் சுத்துது. நங்கூரம் விழுந்த இடத்தைக் குறிச்சு, கயிறு நீளத்தோட படகு நீளத்தையும் கொஞ்சம் சேர்த்து வைங்க.

எல்லை அலாரம்தான் நம்ம கடல்ல உயிர் போற விஷயம், பிழைப்புப் போற விஷயம். இந்தியா இலங்கை கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்கள்ல முடிவானது. தண்ணியில கோடு தெரியாது, பெட்டிதான் சொல்லணும். இங்க மூணு இடத்துல தப்பு வரும்.

ஒண்ணு, எண்ணை அடிக்கிற முறை. 9 பாகை 30.5 நிமிடம்னா, பாதி நிமிடம், அதாவது 30 விநாடி. இதையே ஒருத்தர் 9 பாகை 30 நிமிடம் 50 விநாடின்னு அடிச்சா, வித்தியாசம் 20 விநாடி. ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். அப்போ 20 விநாடின்னா 600 மீட்டருக்கு மேல தள்ளிப்போகும். இன்னொரு படகுக்காரர்கிட்ட எண்ணை வாங்கினா, எந்த முறையில எழுதியிருக்குன்னு கேட்டுட்டுத்தான் அடிக்கணும்.

ரெண்டு, சின்னப் பெட்டிகள்ல கோடு போட முடியாது, புள்ளி வச்சு அதைச் சுத்தி வட்டம்தான் போடலாம். அஞ்சு மைலுக்கு ஒரு புள்ளி வச்சு, வட்டத்தை ஒரு மைல் ஆரத்துல வச்சா, ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல மூணு மைல் சந்து. அதுவழியா போனா அலாரம் மூச்சே விடாது. ஆரம் எப்பவும் புள்ளிக்கு நடுவுல இருக்கிற தூரத்துல பாதியைவிட அதிகமா இருக்கணும்.

மூணு, நேரம். எட்டு நாட் வேகத்துல ஒரு மைல்ங்கிறது ஏழரை நிமிஷம். வலை தண்ணிக்குள்ள இருக்கிறப்ப அதை ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்துல படகு எவ்வளவு தூரம் இழுபடும்? எல்லை அலாரத்தோட தூரத்தை இந்தக் கணக்கை வச்சுத்தான் முடிவு பண்ணணும். வலை ஏத்துறதுக்குள்ள கோட்டைத் தாண்டியாச்சுன்னா, சரியா அடிச்ச அலாரத்தாலயும் பிரயோஜனம் இல்ல.

கரையிலிருந்து வர்ற செய்தி

மூணாவது வகைக்கு வர்றேன். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல். குமரி மாவட்டத்துலயும் கேரளாவுலயும் ஆழ்கடலுக்குப் போனவங்க எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாலயே கிளம்பிட்டாங்க. புயல் அறிவிப்பு வந்தப்ப அதை அவங்ககிட்ட கொண்டுபோக வழி இல்ல. படகுல இருக்கிற விஎச்எஃப் வயர்லெஸ் கரையிலிருந்து சில பத்து மைலுக்குள்ளதான் எட்டும், அவங்க இருந்தது அதுக்கு ரொம்ப அப்பால. எத்தனையோ வீடுகள்ல இன்னும் காத்திருக்காங்க.

அதுக்கப்புறம்தான் சாட்டிலைட் வழியா செய்தி அனுப்புற பெட்டிகள் வந்துச்சு. 2019 அக்டோபர்ல ஜெமினின்னு ஒண்ணு. ககன் சாட்டிலைட்லருந்து எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் வழியா போனுக்குத் தரும். ஆனா ஒரு வழிதான், படகுலருந்து பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 30 அன்னைக்குத் தொடங்கின திட்டத்துல ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் வைக்கிறதா அறிவிச்சாங்க. அது ரெண்டு வழி. கரையிலிருந்து வானிலைச் செய்தி வரும், எல்லை கிட்ட போனா எச்சரிக்கும், படகுலருந்து ஆபத்துன்னு சொல்லவும் முடியும்.

இதுல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். இந்தச் சத்தம் வர்றப்ப உங்க கண்ணு முன்னால வானம் வெளுப்பாத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லத்தான் அது இருக்கு. மலைமேல பெய்யுற மழை மாதிரி. "கடல் நல்லாத்தானே இருக்கு"ங்கிறது இந்த அலாரத்துக்குப் பதில் ஆகாது.

ஒரு நிமிஷத்துல செய்ய வேண்டியது

சத்தம் வந்ததும் பட்டனை அமுக்குறதுக்கு முன்னால திரையைப் படிங்க. படிக்கத் தெரியாத வார்த்தையா இருந்தா போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க, நேரத்தோட பதிவாகிடும். கரைக்கு வந்தா கேட்டுக்கலாம். அப்புறம் சத்தத்தை நிறுத்துங்க, பரவாயில்ல.

கடலைப் பத்தினதுன்னா வேகத்தைக் குறைச்சுட்டு, வெளிய பாருங்க. பெட்டி தன்னைப் பத்திச் சொன்னதுன்னா, அந்த நிமிஷத்துலருந்து திரையில வர்ற இடத்தை நம்பாதீங்க. போன்ல இருக்கிற ஜிபிஎஸ்ஸோட ஒப்பிடுங்க, திசைகாட்டியைப் பாருங்க. குமரிப் பக்கம் பெரியவங்க கணியம் பார்ப்பாங்க. கரையில ஒரு மலை முகடும் ஒரு கோபுரமும் ஒரே கோட்டுல வருதா, இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி வருதான்னு பார்த்து, ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல தன் படகு இருக்குன்னு சொல்லிடுவாங்க. பேட்டரி தேவையில்லாத ஜிபிஎஸ் அது. கரை தெரியுற தூரத்துல தொழில் பண்றவங்க பிள்ளைகளுக்கு அதைக் கத்துக்குடுத்து வைங்க.

ஆபத்துப் பட்டன் கைதவறி அமுங்கிட்டா, பயந்துபோய்ப் பெட்டியை அணைச்சுடாதீங்க. உங்களைத் தேடி ஆள் கிளம்பியிருப்பாங்க. சேனல் 16-லயோ, சிக்னல் இருந்தா 1554-லயோ கூப்பிட்டு, "தவறுதலா அமுங்கிருச்சு, நாங்க நல்லா இருக்கோம்"னு சொல்லிடுங்க. 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ். ரெண்டையும் போன்ல மட்டும் இல்ல, வீல்ஹவுஸ் பலகையில பெயின்ட்லயும் எழுதி வைங்க.

அப்போ அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு என் பதில்: பையனைத் திட்ட வேண்டாம். ஓயாம கத்துற பெட்டியை யாரா இருந்தாலும் ஒருநாள் வாயை மூடத்தான் செய்வாங்க. ரெண்டு பேரும் ஒருநாள் கரையில உக்காந்து ஒவ்வொரு அலாரத்தையும் திறந்து பாருங்க. துறைமுகத்துக்கு மட்டும் வேணுங்கிறது எது, கடலுக்கு வேணுங்கிறது எதுன்னு பிரிச்சு, எண்ணை மாத்தி வைங்க. சாட்டிலைட், ஆன்டெனா, வோல்டேஜ் இந்த மூணோட சத்தத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அணைக்காதீங்க. மத்ததெல்லாம் அது மூணும் சரியா இருந்தாத்தான் பேசும்.

உங்க பெட்டி காட்டின, புரியாத எச்சரிக்கை ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. நாலஞ்சு சேர்ந்தா இன்னொரு எபிசோடுல ஒவ்வொண்ணா பேசலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.